கருவாட்டை மூன்று முறை கழுவும் குப்பம்

அன்புள்ளவருக்கு, செல்வகுமாரி வணக்கத்துடன் எழுதுவது. நான் நலம். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? சர்க்கரை மாத்திரையை மறக்காதீர்கள்.

"ரிட்டயர் ஆன வயசுல இன்னாடி சர்வே உனக்கு?" என்று கிருமாம்பாக்கம் பஸ் நிறுத்தத்தில் கேட்டீர்களே, இன்று பதில் சொல்கிறேன். நிலக்கரி மின்சாரத்தால் அக்கம்பக்கத்து ஊர்கள் இழப்பதைக் கணக்கிடுவதுதான் எங்கள் வேலை. அனல்மின் நிலையத்தை ஒட்டிய இந்த மீனவர் குப்பத்தில், "சாம்பலால் பாதிப்பு உண்டா?" என்று கேட்டால் எல்லாரும் இல்லை என்றார்கள். எங்கள் குழுத்தலைவர் அரிகரன் படிவத்தில் இழப்புக்கு நேராகப் பூச்சியம் போட்டுவிட்டார்.

பள்ளிக்கூடத்தில் நான் பாடம் புரிந்ததா என்று கேட்டால் வகுப்பே தலையாட்டும். ஒரு கணக்கைக் கொடுத்தால்தான் உண்மை தெரியும். அதனால் நான், "கருவாட்டை எத்தனை முறை கழுவுகிறீர்கள்?" என்று கேட்டேன்.

"மூணு வாட்டி, டீச்சர். மேல வுழுற சாம்பல் போவணுமே. அதுல உப்பும் போயிடும், மறுபடி உப்பு போட்டுக் காய வைக்கணும்" என்றார் வனஜா என்ற பெண். "இதையெல்லாமா எழுதுவீங்க? பொழுது போவலியா?"

எழுதினோம். நாற்பது வீடுகள், கழுவிக் காய வைப்பதிலேயே வீட்டுக்குத் தினம் இரண்டு மணி நேரம் வீண். சாம்பலால் வரும் இருமல் தனி. அரிகரன் இதற்காகவே அறிக்கையில் புதிய பகுதி சேர்த்து, பூச்சியத்தை அடிக்கச் சொல்லிப் பேனாவை என்னிடம் நீட்டினார். முப்பத்தைந்து வருடம் பிள்ளைகளின் விடைத்தாளில் பூச்சியம் போட்ட கை, அதை அழுத்தி அடித்தது.

குழுவிலுள்ள அரியூர் கல்பனா ஊருக்கு வருகிறாள். இட்லிப் பொடியும் உங்கள் பழைய துண்டு ஒன்றும் கொடுத்தனுப்புங்கள். இங்கே நல்ல துண்டு கிடைப்பதில்லை.

ஜீப் வந்துவிட்டது. அடுத்த குப்பத்துக்கான கேள்விகளை நானே எழுத வேண்டுமாம்.

உங்கள்
செல்வகுமாரி