காலியத்துக்கு நான் போட்ட பூஜ்யம்

செங்கல்பட்டு
14.7.2003

அன்புள்ள பிரபாவுக்கு, அம்மா எழுதுவது. இங்கே நான் சுகம்தான், முழங்கால் மட்டும் படிக்கட்டைக் கண்டால் முரண்டு பிடிக்கிறது. நீயும் மாப்பிள்ளையும் சஹானாவும் அவ்வளவு தூரத்தில் ஒரு குறையுமில்லாமல் இருக்க வேண்டும் என்பதே தினமும் என் வேண்டுதல். பக்கத்து வீட்டு சகுந்தலா நடத்தும் டியூஷனுக்குப் பிளஸ் டூ வேதியியல் தாள்கள் திருத்திக் கொடுக்கிறேன். போன வாரம் திருக்கழுக்குன்றத்திலிருந்து எல்லம்மாள் என்ற மாணவி பஸ் பிடித்து வீட்டுக்கே வந்துவிட்டாள். இன்னா டீச்சர், கரெக்டா எழுதிக்கீறேன், முட்டை போட்டுட்டீங்களே என்று கேட்டுப் புத்தகத்தை விரித்துக் காட்டினாள். தனிம அட்டவணையில் அலுமினியத்துக்குக் கீழே இருந்தாலும் காலியம் என்ற தனிமம் அதைவிடச் சற்றுச் சிறிய அணு என்று விடைத்தாளில் எழுதியிருந்தாள். உள்ளே இருக்கும் எலக்ட்ரான்கள் அணுக்கருவின் இழுப்பை வெளி எலக்ட்ரான்களுக்கு எட்டாமல் மறைக்கும் என்று முப்பது வருஷம் சொல்லிக்கொடுத்தவள் நான். அதனால் கீழே போகப் போக அணு பெரிதாகும் என்பதே என் கணக்கு. ஆனால் எல்லாம் ஒரே அளவாக மறைப்பதில்லை. காலியத்தில் கூடுதலாக வரும் பத்து டி எலக்ட்ரான்கள் நடுவில் இருந்தும் சரியாக மறைப்பதில்லை, கருவின் இழுப்பு வெளியே எட்டி அணுவைச் சுருக்கிவிடுகிறது. அவள் எழுதியது சரி.

1981 பிளஸ் டூ அரையாண்டுத் தேர்வில் நீயும் இதையேதான் எழுதினாய். நான் பூஜ்யம் போட்டதோடு நிற்காமல், அப்பா கல்பாக்கத்தில் வேலை பார்த்தால் மகளுக்கும் அணு தெரிந்துவிடுமோ என்று வகுப்பில் கேட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். உன் அப்பா தன் புத்தகத்தைக் கொண்டுவந்து வைத்து, ஞானம், ஒரு தடவை பார்த்துவிடேன் என்றார். நான் திறக்கவில்லை. பாடப்புத்தகத்தில் அது இல்லை என்பது சாக்கு, நீ எழுதியது சரியாக இருந்துவிடுமோ என்று பயந்தேன். கல்லூரியில் நீ காமர்ஸ் எடுத்தாய். இத்தனை வருஷத்தில் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அந்த விடைத்தாளை அப்பா உன் சான்றிதழ்களோடு பீரோவில் வைத்திருந்திருக்கிறார். இத்துடன் அனுப்பியிருக்கிறேன். பூஜ்யத்தை அடித்து, ஐந்துக்கு நான்கு போட்டு, இன்றைய தேதியிட்டுக் கையெழுத்திட்டிருக்கிறேன். பத்து என்ற எண்ணிக்கையை நீ குறிப்பிடாததால் ஒன்று குறைத்தேன். மன்னித்துக்கொள் என்று தாளில் எழுத இடமில்லை, இங்கே எழுதுகிறேன்.

சஹானாவுக்கு என் முத்தங்கள். மூவரும் நீடூழி வாழ்க. கிடைத்ததும் போன் செய்யாதே, என்னால் பேச முடியாது, எழுது.

உன் அம்மா,
ஞானம்பாள்