எட்டாவது சீசனுக்கு எட்டாவது இடம்

மார்ச் 3

அண்ணிக்கு,

நலம் விசாரித்துத் தொடங்குவதுதான் முறை. இந்த ஒரு தடவை அதை விட்டுவிடுகிறேன். நீங்கள் போன் செய்தால் நான் எடுப்பதில்லை. அப்படியிருக்க, எனக்கு ஒன்று தேவை என்றதும் நானே போன் செய்வது நன்றாக இருக்காது. அதனால்தான் தபால்.

விஷயம் இதுதான். ‘ஏழரைத் தளம்’ தொடர் முடிந்துவிட்டதால், ரசிகர் குழுவில் எல்லோரையும் சீசன்களைத் தரவரிசைப்படுத்தி அனுப்பச் சொல்லியிருக்கிறார்கள். எல்லாவற்றையும் சேர்த்துச் சின்னப் புத்தகமாகப் போடப்போகிறார்களாம். முதல் பக்கத்தில் அண்ணனுடைய பட்டியல் வர வேண்டுமாம். “லிஃப்ட்காரர் லிஸ்ட் இல்லாம எப்படிம்மா?” என்று செயலாளர் இரண்டு முறை கேட்டுவிட்டார். குழுவில் அவனுக்கு அதுதான் பெயர். நிஜ லிஃப்ட் மெக்கானிக் ஒருவன் லிஃப்டில் ஆவி வரும் தொடரைப் பார்த்துக் குறை சொல்லிக்கொண்டே இருந்தால் வேறு எந்தப் பெயர் வைப்பார்கள்?

எங்கேயாவது எழுதி வைத்திருப்பான். தேடிப் பார்த்து, ஏழு சீசனையும் வரிசையாக எழுதி அனுப்பினால் போதும். எட்டாவதை அவனும் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை. பிரசவத்துக்குப் பிறகு நாம் மூன்று பேரும் ஒன்றாக உட்கார்ந்து பார்ப்பதாக இருந்தோம். அந்த இடம் எங்கள் இரண்டு பட்டியலிலும் காலியாகவே போகட்டும் என்று குழுவில் சொல்லிவிட்டேன்.

குழந்தைக்கு ஏழு மாதம் முடிந்தது. தவழ்கிறாள்.

இப்படிக்கு,
அவனுடைய தங்கை


மார்ச் 11

அன்புள்ள குட்டிச்சாத்தானுக்கு,

இப்படிக் கூப்பிடலாமா என்று யோசித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். உன் அண்ணன் வைத்த பெயர். வேறு எப்படி எழுதினாலும் யாருக்கோ எழுதுவது போல இருக்கிறது.

கவரில் உன் கையெழுத்தைப் பார்த்தேன். சந்தோஷப்பட வேண்டும் என்று தெரிந்தது. சந்தோஷம் வரவில்லை. இப்போதெல்லாம் எதுவுமே அப்படித்தான். லேபுக்குப் போகிறேன், நாளெல்லாம் ரத்த ஸ்லைடு பார்க்கிறேன், வீட்டுக்கு வருகிறேன். கூடத்துக் கடிகாரம் நின்று மூன்று வாரம் ஆகிறது. அதனால் ஒரு குறையும் தெரியவில்லை. போன வாரம் ஒரு பல்லைப் பிடுங்க வேண்டியிருந்தது. டாக்டர் ஊசி போட்டுவிட்டு, “மரத்துடுச்சாம்மா?” என்று கேட்டார். எதை வைத்துச் சொல்வது என்று எனக்குப் புரியவில்லை. மரத்துவிட்டது என்று சொல்லிவைத்தேன்.

பட்டியல் கிடைத்தது. லேப் படிவம் ஒன்றின் பின்பக்கத்தில் எழுதியிருக்கிறார். அவர் குறிப்புகளோடு அப்படியே எழுதுகிறேன்.

முதல் இடம், மூன்றாவது சீசன். “தீப்பிடிச்ச சீசன். லிஃப்ட்ட நிறுத்திட்டு எல்லாரையும் படியில எறக்குறாங்க. எழுதினவனுக்கு வேல தெரியும்.”

இரண்டாவது, முதல் சீசன். “ஏழாவது மாடிக்கும் எட்டாவது மாடிக்கும் நடுவுல லிஃப்ட் நிக்குது. கதவு தெறந்தா செத்துப்போன புருஷன் நிக்கிறான். இன்னும் என்ன வேணும்?”

மூன்றாவது, ஆறாவது சீசன். “லிஃப்டே வராத சீசன். அதுக்கும் ஓய்வு வேணும்ல.”

நான்காவது, இரண்டாவது சீசன். “வாட்ச்மேனுக்குத் தான் செத்துப்போனது தெரியவர்ற எபிசோட். குட்டி மூக்கு சிந்தின துண்டு என்னுது.”

ஐந்தாவது, ஐந்தாவது சீசன். குறிப்பு இல்லை.

ஆறாவது, ஏழாவது சீசன். “கடைசியில கதவ பாதி தெறந்து வச்சிட்டுப் போயிட்டானுங்க. எங்க கம்பெனியா இருந்தா மெமோ குடுத்திருப்பாங்க.”

ஏழாவது, நான்காவது சீசன். “ஆவிங்க எல்லாம் சங்கம் வச்சு மீட்டிங் போடுதுங்க. செத்த பிறகும் மீட்டிங்கா?”

எட்டாவது, எட்டாவது சீசன். “குட்டி திட்டுவா.”

அவ்வளவுதான். எனக்கு எல்லா சீசனும் ஒன்றுதான். நீங்கள் இரண்டு பேரும் போடும் சண்டையைக் கேட்டபடியே சோபாவில் தூங்கிப்போனவள் நான். ‘ஏழரை’ என்று பெயர் வைத்த ஒன்றை யாராவது காசு கொடுத்து வீட்டுக்குள் கூப்பிடுவார்களா என்று நான் கேட்டதற்கு அப்படிச் சிரித்தீர்கள்.

குழந்தை தவழ்வதை எழுதியதற்கு நன்றி.

அன்புடன்,
அண்ணி


மார்ச் 16

அண்ணிக்கு,

ஏழு கேட்டேன். எட்டு வந்திருக்கிறது.

நான் கணக்கு டீச்சர். மூன்று தடவை படித்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். எட்டாவது சீசன் வந்தது போன மே மாதக் கடைசியில். பத்து எபிசோட். ஜூன் மாதம் முழுக்க அண்ணன் என்னோடு தினமும் போனில் பேசினான். “எட்டாவது வந்துடுச்சாம், பாத்துடாத. பிரசவம் ஆகட்டும்” என்று சொன்னதே அவன்தான். குரல் கம்மியிருந்தது. கேட்டதற்குத் தொண்டைக்கட்டு என்றான். ஜூலை பன்னிரண்டாம் தேதி திடீரென்று நெஞ்சடைத்து, இரண்டே நிமிடத்தில் போய்விட்டான் என்று சொன்னீர்கள். அதையும் இருபத்திமூன்று நாள் கழித்து, குழந்தை பிறந்த பிறகு சொன்னீர்கள். அதுவரைக்கும், “புதுக் கட்டடத்துல லிஃப்ட் மாட்டுறார், அங்க சிக்னல் இல்ல” என்றீர்கள். நானும் அதை நம்பிக்கொண்டு படுத்திருந்தேன்.

சின்ன வயதில், நான் பள்ளிக்கூடத்திலிருந்து வரும் வரை மிட்டாய்த்தாளைக்கூடப் பிரிக்காமல் வைத்திருந்தவன் அவன். எனக்குச் சொன்ன வாக்கை விட்டுவிட்டுத் தனியாகப் பார்த்திருக்கிறான் என்றால், காத்திருக்க நேரம் இல்லை என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது. கணக்கு இப்படித்தான் வருகிறது. வேறு விடை இருந்தால் எழுதுங்கள்.

அந்த லேப் படிவம் யாருடையது? எப்போதிருந்து தெரியும்? யாருக்கெல்லாம் தெரியும்?

தங்கை


மார்ச் 29

அன்புள்ள குட்டிக்கு,

உன் விடை சரி. படிவம் அவருடையதுதான்.

எட்டாவதை எழுதாமல் விட்டிருக்கலாம். அந்த இடத்தில் பேனாவை நிறுத்தித்தான் பார்த்தேன். வாயால் சொல்ல எனக்கு இத்தனை மாதமாக வரவில்லை. பட்டியல் சொல்லட்டும் என்று எழுதிவிட்டேன்.

போன வருஷம் பிப்ரவரியில் அவருக்கு விட்டுவிட்டுக் காய்ச்சல். ரத்தம் கொடுத்துவிட்டுப் போகச் சொல்லி லேபுக்கு வரவழைத்தேன். ஸ்லைடை நான்தான் பார்த்தேன். இருக்கக்கூடாத அணுக்கள் இருந்தன. எண்ணும் கருவியைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து மறுபடி எண்ணினேன். மூன்றாவது தடவை பக்கத்து மேசைக்காரியை எண்ணச் சொன்னேன். அவள் முடித்துவிட்டு, “யாரோடது அக்கா?” என்று கேட்டாள். ரத்தப் புற்றுநோய். அவர் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, வரவேற்பில் இருந்த பெண்ணைச் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தார்.

அதே வாரம்தான் உன்னைப் படுக்கையை விட்டு எழக்கூடாது என்று டாக்டர் சொன்னார். உன் அண்ணன் அன்றைக்கே முடிவு செய்துவிட்டார்.

“குட்டிக்குத் தெரியக்கூடாது. ஏற்கெனவே ரெண்டு தடவ கலஞ்சுபோச்சு. மூணாவதும் என்னால போச்சுன்னு ஆகக்கூடாது.”

“அவ உங்க தங்கச்சி. தெரிஞ்சுதான் ஆகணும்.”

“பொறந்ததும் சொல்றேன்.”

“அதுக்குள்ள...”

“அதுக்குள்ள ஆயிட்டா, பொறந்ததும் நீ சொல்லு.”

நான்கு நாள் சண்டை போட்டேன். ஐந்தாவது நாள் பதில் பேச அவருக்கு மூச்சு வாங்கியது. அப்படிப்பட்டவரிடம் ஜெயிக்க எனக்கு மனசு வரவில்லை. சரி என்றேன். நெஞ்சடைப்பு என்று சொன்னது மட்டும் என் யோசனை. ஒரே அடியாக வலித்துவிடும், ஐந்து மாதத்தையும் எண்ணியெண்ணி வலிக்காது என்று நினைத்தேன். தப்புத்தான்.

உன் வீட்டுக்காரருக்குத் தெரியும். ஆபீஸ் வேலை என்று உன்னிடம் சொல்லிவிட்டு மூன்று தடவை வந்து ரத்தம் கொடுத்துவிட்டுப் போனார். அவரைக் கோபித்துக்கொள்ளாதே.

ஜூன் நடுவில், ஆஸ்பத்திரியில், போனைத் தண்ணீர் ஜக்கின் மேல் சாய்த்து வைத்துப் பார்க்க ஆரம்பித்தார். “சேந்து பாக்கறதா அவகிட்ட சொல்லியிருக்கீங்களே” என்றேன். “அந்தக் கதவு பாதியில நிக்குதுடி. அப்படியே விட்டுட்டுப் போக முடியல” என்றார். ஒரு எபிசோடுக்கு இரண்டு நாள் ஆனது. நடுவில் தூங்கிவிடுவார், எழுந்ததும் விட்ட இடத்திலிருந்து போடச் சொல்வார். நான் திரையைப் பார்க்கவில்லை. அவர் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அதனால் அந்தத் தொடர் எப்படி முடிகிறது என்று எனக்கும் தெரியாது. முடிந்ததும் பேனா கேட்டார். எழுதிவிட்டு, “நல்லவேள, அவ இத பாக்கல” என்றார். எதைச் சொன்னார் என்று நான் கேட்கவில்லை. ஒரு வாரத்தில் போய்விட்டார்.

நீ கேட்டதற்கெல்லாம் பதில் எழுதிவிட்டேன் என்று நினைக்கிறேன்.

அண்ணி


ஏப்ரல் 6

அண்ணிக்கு,

வீட்டுக்காரரிடம் கேட்டேன். துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். “ஆமா” என்றார். கையிலிருந்த சட்டையை உதறிப் போட்டு, கிளிப் மாட்டிவிட்டு, “தெரியும்” என்றார். பிறகு இரண்டு நாள் இருவரும் குழந்தையிடம் மட்டும் பேசினோம்.

அவன்தான் சொல்லக்கூடாது என்றான் என்பதை நம்புகிறேன். அவனைப் போலவே இருக்கிறது. சொல்லியிருந்தால் இந்தக் குழந்தை நின்றிருக்குமா என்று எனக்கும் தெரியாது. யாருக்கும் தெரியாது. ஆனால் இவளைத் தூக்கும்போதெல்லாம், இவளுக்காகத்தான் என்னை அவன் பக்கத்தில் இருக்கவிடவில்லை என்று நினைவு வருகிறது. எட்டு மாதக் குழந்தை மேல் அந்தப் பழியைப் போட எனக்கு மனசில்லை. செத்தவன் மேல் போடவும் முடியவில்லை. அதனால் உங்கள் மேல் போட்டிருக்கிறேன். நியாயம் இல்லை என்று தெரிந்துதான் செய்கிறேன். நீங்கள் தாங்குவீர்கள்.

இனி எழுத வேண்டாம் என்று சொல்லத்தான் உட்கார்ந்தேன். அதை எழுதவும் கை வரவில்லை.

தங்கை


ஏப்ரல் 15

அன்புள்ள குட்டிக்கு,

போடு. எங்கேயாவது போட்டுத்தான் ஆக வேண்டும்.

தாங்குவேன் என்று எழுதியிருக்கிறாய். எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள். ஒன்றும் உறைக்காமல் இருப்பதைப் பார்த்துத் தாங்குகிறாள் என்கிறார்கள். போன மாதம் அடுப்பில் வைத்த பால் பொங்கி வழிந்து, தீ அணைந்ததை எதிரிலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டுக்காரி வந்து கேஸை மூடினாள்.

உனக்கு ஒன்று சொல்கிறேன். உன் அண்ணன் மேல் எனக்குக் கோபம். அவர் எனக்கு விட்டுப்போனது அந்த இருபத்திமூன்று நாள். நீ தினமும் போன் செய்வாய். இழவு வீட்டுக்கு வந்தவர்கள் கூடத்தில் உட்கார்ந்திருக்க, குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு, “அவருக்கு அங்க சிக்னல் இல்லம்மா, நல்லா இருக்கார்” என்று உன்னிடம் சொல்வேன். நல்லா இருக்கார் என்று இருபத்திமூன்று தடவை சொன்னவளுக்கு, பிறகு அழ வேண்டிய இடம் எது என்று தெரியாமல் போய்விட்டது.

போனவரை எல்லோரும் புகழ்கிறார்கள். அவரைத் திட்ட எனக்கு ஆள் இல்லை. உனக்குத் தோன்றினால் வா. தோன்றாவிட்டாலும் பரவாயில்லை. என்னை நீ மன்னிக்க வேண்டும் என்று கேட்கவில்லை. நான் அவரை இன்னும் மன்னிக்கவில்லை.

அண்ணி


மே 2

அன்புள்ள அண்ணிக்கு,

பள்ளிக்கு விடுமுறை விட்டாயிற்று. நேற்று மத்தியானம் குழந்தையைத் தூங்கவைத்துவிட்டு எட்டாவது சீசனைப் போட்டேன். ஒரு வாரமாகப் பார்த்து, நேற்று ஆறாவது எபிசோடுக்கு வந்திருந்தேன்.

சுமாராகத்தான் இருக்கிறது. முதல் ஐந்தும் இழுவை. ஆனால் ஆறாவதில் ஒரு லிஃப்ட் மெக்கானிக் வருகிறான். புது ஆள். ஏழரைத் தளத்தில் கதவைத் திறந்ததும் இருபது முப்பது ஆவிகள் வெள்ளை வெளேரென்று நிற்கின்றன. இசை உச்சத்துக்குப் போகிறது. அவன் கொஞ்சம்கூட பயப்படாமல், தலையைச் சொறிந்துகொண்டு, “எல்லாரும் சேந்து எத்தன கிலோ இருப்பீங்க?” என்று கேட்கிறான்.

நான் சத்தமாகச் சிரித்துவிட்டேன். சிரித்துக்கொண்டே பக்கத்தில் திரும்பி, “அண்ணா, அப்படியே ஒன்ன மாதிரி!” என்றேன்.

பக்கத்தில் மடிக்காத துணிதான் குவிந்திருந்தது.

எவ்வளவு நேரம் அதையே பார்த்தேன் என்று தெரியவில்லை. குழந்தை எழுந்து அழுதிருக்கிறாள். அவளைத் தூக்கிக்கொண்டு வந்த வீட்டுக்காரர், என் முகத்தைப் பார்த்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்தார். நான் அழுவதைப் பார்த்துக் குழந்தை தன் அழுகையை நிறுத்திவிட்டாள்.

மீதி நான்கு எபிசோட் பாக்கி. பதினோராம் தேதி காலை வண்டியில் நானும் குழந்தையும் வருகிறோம். பத்து நாள் இருப்போம். அங்கே வைத்துப் பார்க்கலாம்; நீங்கள் தூங்கினால் எழுப்புவேன். அவன் பட்டியலை எட்டு சீசனோடு, குறிப்புகளோடு குழுவுக்கு அனுப்பிவிட்டேன். என்னுடையதை முடித்த பிறகு அனுப்புகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

அண்ணி, இத்தனை மாதமாக யார் மறைத்தார்கள், எந்தத் தேதியில் சொன்னார்கள், ஏன் தாமதம் என்பதுதான் எனக்குச் செய்தியாக இருந்தது. நேற்றுதான் செய்தி என்னவென்று புரிந்தது.

அண்ணன் செத்துப்போய்விட்டான், அண்ணி. முதலில் உங்களுக்குத்தான் எழுதுகிறேன்.

உங்கள்,
குட்டி