புருஷன் என்று எழுதிய நாள்

வியாழன், இரவு

இன்று ஜெயித்துவிட்டேன். இதை எழுதாமல் தூக்கம் வராது.

அக்கா பக்கவாதத்தில் படுத்ததிலிருந்து, படுக்கையில் கிடப்பவர்களுக்கு அரசாங்கம் கொடுக்கும் உதவிக்கு அலைகிறேன். அத்தான் லகாட் ஊரில் ஒரு தொழிற்சாலை வாசலில் ஜாகாவாக, காவல் வேலை பார்த்தார். புருஷன் சம்பளம் இருக்கிறது என்று சொல்லியே ஒவ்வொரு முறையும் தள்ளிவிட்டார்கள். போன மாதம் அத்தான் போய்விட்டார். இன்று அவருடைய இறப்புச் சான்றிதழோடு சமூகநல அலுவலகத்துக்குப் போனேன்.

கவுண்டரில் ஒரு தமிழ்ப் பெண். “கல்யாண சர்ட்டிபிகேட் எங்க ஆண்ட்டி? அது இல்லாம இவங்கள விதவைன்னு போட முடியாதுலா.”

நான் எங்கே போவேன்? எஸ்டேட் மாரியம்மன் கோயிலில் தாலி கட்டியதோடு சரி. யார் போய்ப் பதிந்தார்கள்? அந்த எஸ்டேட்டையே அழித்து இப்போது வீடுகள் கட்டித் தாமானாக்கிவிட்டார்கள்.

எனக்கு வந்ததே கோபம்!

“ஏம்மா, அவரு சம்பளத்தக் கணக்குல சேக்குறப்ப சர்ட்டிபிகேட் கேட்டீங்களா? அப்ப புருஷன், செத்தப்புறம் யாரோவா? புருஷன் இல்லன்னா, இத்தன வருஷமா எங்கக்காவுக்குக் குடுக்காதத இப்பக் குடுங்க!”

வரிசையே திரும்பிப் பார்த்தது. அவள் எழுந்து உள்ளே போய் அதிகாரியிடம் பேசிவிட்டு வந்தாள்.

“அவருதான் புருஷன்னு சத்தியக் கடிதம் ஒண்ணு எழுதிக் குடுத்தா போதுமாம் ஆண்ட்டி. அடுத்த மாசத்துலேர்ந்து பணம் வந்துரும்.” அங்கேயே எழுதிக் கொடுத்தேன்; அவளும் பாரத்தில் அத்தான் பெயருக்கு எதிரே ‘புருஷன்’ என்று எழுதிக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்து அக்காவிடம் எல்லாவற்றையும் நடித்தே காட்டினேன். பணத்தைப் பற்றி அவள் ஒன்றும் கேட்கவில்லை.

“அவர... புருஷன்னு எழுதிட்டாங்களா?”

“எழுதியாச்சுக்கா.”

அசைகிற பாதி முகம் முழுக்க அவளுக்குச் சிரிப்பு.