சிவப்பு நூலில் ஒரு முடிச்சு

ஜனவரி 29
சதுப்பு ஆய்வு முகாம்

அன்புள்ள அக்காவுக்கு,

முதலில் மன்னித்துக்கொள். நீ இங்கிருந்து போய் ஒன்பது நாள்கூட ஆகவில்லை, அதற்குள் கடிதம். அதுவும் நலம் விசாரிக்க இல்லை. எதிரில் நின்று பேச வராததை எழுதித்தான் எனக்குப் பழக்கம். இங்கே சிக்னலும் கிடையாது. ஜீப் ஓட்டும் அண்ணன் சனிக்கிழமை போகும்போது தபாலில் போடுவார்.

நீ இருந்த நான்கு நாளும் முகாமே சிரித்துக்கொண்டிருந்தது. காட்டு ஜாதிக்காய் மரங்களின் வேர்கள் சேற்றிலிருந்து வளைந்து எழுந்து மறுபடி சேற்றுக்குள் போவதைப் பார்த்து, "என்னடி இது, எல்லா மரமும் முட்டி போட்டு நிக்குது, வாத்தியார் தண்டனை குடுத்துட்டாரா?" என்றாயே, அதை ஜீப் அண்ணன் ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறார். சேற்றுக்குள் காற்று இல்லை, வேர் வெளியே வந்து மூச்சு வாங்கிவிட்டுப் போகிறது என்று நான் சொன்னதும், "நானும் மாடிப்படி ஏறினா இப்படித்தான்" என்றாய்.

சொல்ல வந்ததைச் சொல்லிவிடுகிறேன். இந்த இனத்தில் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. எங்கள் சதுப்பில் பூக்கிற பெண் மரம் ஒன்றே ஒன்றுதான். ஆண் மரங்கள் ரோட்டுக்கு அந்தப் பக்கம் நிற்கின்றன. பூச்சிகள் ரோட்டைத் தாண்டி மகரந்தம் கொண்டுவருமா, இல்லை நாமே கொண்டுவந்து வைத்தால்தான் காய்க்குமா என்பதுதான் என் ஆய்வு. நான் தூரிகையால் மகரந்தம் வைத்த பூவுக்குச் சிவப்பு நூல், தொடாமல் விட்ட பூவுக்குப் பச்சை நூல். மரத்தைச் சுற்றிக் கட்டிய சாரத்தின் மேல்தட்டில் நின்று நான் குரல் கொடுத்தேன், கீழ்த்தட்டில் நின்று நீ கட்டினாய். என் கை பட்டால் அந்தக் காம்பு ஒடிந்துவிடும். உன் தையல் விரலில் ஒன்றுகூட ஒடியவில்லை.

நேற்று கீழ்க்கிளையைப் பார்த்தேன். அங்கே நான் மகரந்தம் வைக்கவே இல்லை, எல்லாம் பச்சையாக இருக்க வேண்டும். ஒன்பது சிவப்பு நூல் தொங்குகிறது. அப்படியானால் மேலே கட்டியதில் எது சரி, எது தப்பு? நூற்று நாற்பது பூ அக்கா. மரம் இனி அடுத்த ஜனவரியில்தான் பூக்கும். எனக்கு இங்கே டிசம்பர் வரைதான் அனுமதி.

"யாரு கட்டினது? நிறம் பாத்துக் கட்டத் தெரியாதா அவங்களுக்கு?" என்று முகாமுக்கு வந்திருந்த என் பேராசிரியை கேட்டார். எனக்கு முகமே இல்லாமல் போயிற்று.

பேச்சு சுவாரஸ்யத்தில் கட்டிவிட்டாயா? ஒரு தடவையாவது பார்த்திருக்கக் கூடாதா?

இப்படிக்கு,
உன் ஊமைக்கோட்டான்


பிப்ரவரி 9

என் ஊமைக்கோட்டானுக்கு,

அக்கா எழுதுவது. உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். தப்பு என்னுடையதுதான். வாய் ஓய்ந்தால்தானே கை ஒழுங்காக வேலை செய்யும். அந்த மேடத்திடம், "எங்க அக்கா ஒரு அரைக்கிறுக்கு" என்று சொல்லிவிடு. என் மேல் பழியைப் போடு, நான் என்ன அங்கே வந்து வேலை கேட்கப் போகிறேனா?

இங்கே தையல் கம்பெனியிலும் என் பவிசு அதுதான். பழுப்புச் சட்டைக்குப் பச்சைக் காலர் வைத்து நாற்பது உருப்படி தைத்துவிட்டேன். சூப்பர்வைசர் ஒன்றைத் தூக்கிக் காட்டி, "ஏம்மா, இது சட்டையா, கிளியா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். என்னை மெஷினிலிருந்து எடுத்து, பிசிறு வெட்டும் மேஜையில் போட்டுவிட்டார்கள். நல்லதுதான், மிதிக்கிற வேலை இல்லை.

இருமல் குறைந்துவிட்டது. நீ நேரத்துக்குச் சாப்பிடு. பூ வாடினால் உனக்கு வாடுகிற முகத்தை நான் நாலு நாள் பார்த்துவிட்டுத்தான் வந்தேன்.

அடுத்த பூவுக்கு என்னைக் கூப்பிடு. வாயில் துணியை அடைத்துக்கொண்டு கட்டித் தருகிறேன்.

அன்புடன்,
அக்கா


பிப்ரவரி 20

அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. அடுத்த பூவுக்கு நீ வர வேண்டாம். அனுமதி நீண்டாலும், வேலை தெரிந்தவர்களை வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்கள்.

கோபம் இல்லை. ஆனால் எல்லாவற்றையும் சிரிப்பாக்கினால் எனக்குத் தாங்கவில்லை. இங்கே மற்றவர்கள் தப்பு செய்தால் அது தப்பு, அவ்வளவுதான். நம் வீட்டில் முதல் ஆளாகப் படித்து வந்த நான் செய்தால், "இவங்க எல்லாம் இப்படித்தான்" என்று ஆகிவிடும். உனக்கு அது புரியாது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

தங்கை


ஏப்ரல் 26

என் செல்லத்துக்கு,

வரி கோணலாகப் போனால் கண்டுகொள்ளாதே. ஒரு அட்டையை விளிம்பாக வைத்துக்கொண்டு எழுதுகிறேன். எழுத்தின் மேல் எழுத்து விழுந்திருந்தால் கெட்டிக்காரி நீ பிரித்துப் படித்துக்கொள்.

உன்னிடம் மறைத்த ஒன்றைச் சொல்கிறேன், கத்தாதே. (நீ எங்கே கத்தப் போகிறாய்.) போன அக்டோபரில் எனக்கு நெஞ்சில் டிபி என்றார்கள். மாத்திரை எடுத்தேன். சொன்னால் படிப்பை மூட்டை கட்டிக்கொண்டு வந்து நிற்பாய் என்று சொல்லவில்லை. இனி யாருக்கும் ஒட்டாது என்று டாக்டர் சொன்ன பிறகுதான் உன்னைப் பார்க்க வந்தேன்.

நெஞ்சு இப்போது சரி. ஆனால் அந்த மாத்திரைகளில் ஒன்று சிலருக்குக் கண்ணில் இறங்குமாம். முதலில் நிறம் போகுமாம், அப்புறம் எழுத்து. "கலர் மாறித் தெரியுதுன்னு அப்பவே வந்து சொல்லியிருந்தா மாத்திரையை நிறுத்தியிருப்போமேம்மா" என்றார் கண் டாக்டர். இப்போது நிறுத்திவிட்டார்கள். சிலருக்குத் திரும்புமாம். எனக்கு நாள் ஆகிவிட்டதாம். ஆள் நடமாட்டம் தெரிகிறது, முகம் தெரியவில்லை.

உன் நூலைப் பற்றிச் சொல்ல வேண்டும். வலது பாக்கெட்டில் சிவப்பு, இடதில் பச்சை என்று நீதான் போட்டுக் கொடுத்தாய். அதுவரை சரியாகத்தான் கட்டினேன். இரண்டாம் நாள் குனிந்தபோது இரண்டு கட்டும் சேற்றில் விழுந்துவிட்டன. கழுவி எடுத்தேன். இரண்டும் ஒரே மண் நிறம். சேறு போகவில்லை என்றுதான் நினைத்தேன்.

உன்னைக் கேட்டிருக்கலாம். நீ மேலே நின்று, "சிவப்பு! பச்சை! சிவப்பு!" என்று குரல் கொடுத்துக்கொண்டிருந்தாய். நீ பிறந்ததிலிருந்து அவ்வளவு சத்தமாகப் பேசி நான் கேட்டதே இல்லை. நிறுத்த மனசு வரவில்லை.

ஓடி வந்துவிடாதே. பக்கத்து வீட்டு நர்ஸ் பார்த்துக்கொள்கிறாள். இனி உன் கடிதத்தை அவள்தான் படித்துக் காட்டுவாள், அதனால் அவளைப் பற்றி ஒன்றும் எழுதி வைக்காதே.

அக்கா


ஜூலை 12

அன்புள்ள அக்காவுக்கு,

படித்துக் காட்டும் அக்காவுக்கு என் வணக்கம். கொஞ்சம் மெதுவாகப் படியுங்கள்.

மே மாதம் அங்கே வந்து பதினோரு நாள் இருந்தேன். ஒரு வார்த்தை சொல்ல முடியவில்லை. வீட்டையே பெருக்கிக்கொண்டிருந்தேன். "இன்னொரு தடவ பெருக்கினா தரை தேஞ்சு கீழ் வீட்டுக்காரங்க தெரிவாங்கடி" என்றாய். அப்போதும் என்னால் சொல்ல முடியவில்லை.

அன்று பேராசிரியை, யார் கட்டியது என்று கேட்டபோது, "கூலிக்கு வந்தவங்க" என்று சொன்னேன் அக்கா. எட்டாம் வகுப்போடு நின்று, தையல் மெஷினை மிதித்து என்னைப் படிக்க வைத்தவளை அப்படிச் சொன்னேன். நோட்டில், நூல் கட்டியவர் என்ற இடத்தையும் காலியாக விட்டேன்.

ஒரு இலையின் பின்புறத்தில் முடி இருக்கிறதா என்று லென்ஸ் வைத்துப் பார்க்கிறவள் நான். ஒன்பது நூலை எண்ணினேன், நீ எழுதிய காலரைப் பற்றியும் படித்தேன். இரண்டையும் சேர்த்துப் பார்க்கத் தெரியவில்லை. ஜனவரியிலேயே கேட்டிருந்தால் மாத்திரையை நிறுத்தியிருப்பார்கள். "இது உன் தப்பு இல்லை" என்று நீ இந்த இடத்தில் சொல்வாய். சொல்லாதே.

போன வாரம் பேராசிரியையிடம் போய், கட்டியது என் அக்கா என்று சொன்னேன். அவர் நோட்டை என் பக்கம் தள்ளினார். காலி இடத்தில் உன் பெயரை எழுதினேன்.

கீழ்க்கிளையில் மூன்று காய் நின்றது. அங்கே என்ன நூல் கட்டியிருந்தால் என்ன, மகரந்தம் வைக்கவே இல்லையே. ஆகவே ஏதோ ஒரு பூச்சி ரோட்டைத் தாண்டி வருகிறது. இந்த வருடம் நான் உறுதியாகச் சொல்லக்கூடியது அது ஒன்றுதான். அதை வைத்து இன்னும் ஒரு வருடம் அனுமதித்திருக்கிறார்கள்.

நேற்று ஒரு காய் வெடித்தது. உள்ளே கொட்டையைச் சுற்றி ஜாதிபத்திரி, பின்னிய நூல்போல, அப்படி ஒரு சிவப்பு. உனக்குக் காட்ட வேண்டும் என்றுதான் முதலில் தோன்றியது. இந்த விதை உலர்ந்தால் செத்துவிடும், எடுத்துவைக்க முடியாது. அன்றே ஈர மண்ணில் ஊன்றிவிட்டேன்.

இப்படிக்கு,
உன் ஊமைக்கோட்டான்

உறையை ஒட்டும் முன் ஒன்று. உள்ளே இரண்டு நூல் வைத்திருக்கிறேன், தடவிப் பார். சிவப்பின் நுனியில் முடிச்சு இருக்கும், பச்சையில் இருக்காது. நான் கண்ணை மூடிக்கொண்டு நூறு தடவை எடுத்துப் பார்த்தேன், ஒரு தடவைகூடத் தப்பவில்லை. வர வேண்டாம் என்று எழுதியவள் நான்தான். ஜனவரியில் மரம் பூக்கும். வந்து கட்டித் தருவாயா அக்கா? நான் மேலே நின்று சத்தமாகச் சொல்கிறேன்.