தொட்டிக்குள் எதற்குப் படி?

என் செல்ல மகன் ஜெயராஜுக்கு,

இந்தக் கல்லறைத் திருநாளுக்கு உனக்குப் பூ எடுத்துவரவில்லையடா. வயிறு எரிகிறது. அதனால் எழுதுகிறேன், ஊரும் படிக்கட்டும்.

முதலில் நல்ல சேதி. உன் மகள் கிருபா வேலூரில் இன்ஜினியரிங் ஆராய்ச்சி செய்கிறாள். டேனரியில் தோல் பதனிடும்போது சுரண்டி எறிகிற ஜவ்வைச் சாணியோடு தொட்டியில் புளிக்கவைத்து, அடுப்பெரிக்கிற கேஸ் எடுக்கிறாள். அஞ்சாவதோடு நின்றவள் நான். என் பேத்தி மூட்டிய நீல நெருப்பை இந்தக் கண்ணால் பார்த்தேன். பார்த்துக்கொண்டே கேட்டேன்: "உங்கப்பன கொன்னது இந்த கேஸா?"

"அது வேற, விஷ கேஸ் ஆயா. ஆனா அதுவும் இதுல கலந்துதான் வரும். இரும்புத் துருவுல அத புடிச்சு நிறுத்திட்டுத்தான் அடுப்புக்கு அனுப்புறேன்."

அப்படி ஒரு கேஸ் இருப்பது அன்றைக்கு உன் டேனரிக்காரர்களுக்குத் தெரியாதா? பம்பு அடைத்துக்கொண்டது என்று உன்னைக் கழிவுத் தொட்டியில் இறக்கினார்கள். நீ மேலே வராமல் போனதும், "குடிச்சிட்டு இறங்கிட்டாம்மா" என்றார்கள். சாராய வாடையே ஆகாத பிள்ளையை.

இப்போது ஆம்பூரில் வேறொரு டேனரியில் கிருபாவின் பெரிய தொட்டி கட்டி முடிந்திருக்கிறது. போன வாரம் திறப்புக்கு என்னையும் கூட்டிப்போனாள். மாலை, ஸ்வீட் பாக்ஸ் எல்லாம் தயார். வாசலில் சாணி டிராக்டர். மூடியைத் திறந்து காட்டினார்கள். உள்ளே, அடிவரைக்கும் இரும்புப் படி.

அவள் முகமே மாறிவிட்டது. "சார், அடைப்ப வெளியிலிருந்தே எடுக்குற மாதிரிதானே வரைஞ்சு குடுத்தேன். இத யாரு வெச்சது?"

"நான்தாம்மா வெக்கச் சொன்னேன்," என்றார் மேனேஜர். "மிஷின் மக்கர் பண்ணா ஆளுதான் இறங்கணும். இதுக்கு இன்னா இவ்ளோ பேஜாரு?"

"யாரு சார் இறங்குவா? நீங்களா, உங்க புள்ளையா?" என்றேன்.

கிருபா என்னை ஓரமாக இழுத்தாள். "ஆயா, இந்தத் தொட்டி ஓடலன்னா என் ஆராய்ச்சியே நின்னு போய்டும்." சொல்லும்போது அவள் கண் அந்த மூடியை விட்டு நகரவில்லை. நான் என்ன சொல்வது, நீயே சொல்?

பிறகு அவளே டிராக்டர்காரரிடம் போனாள். "அண்ணா, வண்டிய திருப்புங்க. படிய அறுக்காம இதுல ஒரு கூடை சாணிகூட விழாது."

ஸ்வீட் பாக்ஸ் அப்படியே கிடந்தது. இன்றுவரை மேனேஜர் அவள் போனை எடுக்கவில்லை.

குப்பையிலிருந்து காசு வரும் என்றால் கைதட்டுகிறார்கள். ஒருத்தனை உள்ளே இறக்குகிற பழக்கத்தை மட்டும் ஏனடா விடமாட்டேன் என்கிறார்கள்?

கிருபா இறங்கிவர மாட்டாள், நானும் விடமாட்டேன். அந்தப் படியை அறுக்கிற நாளில் பக்கத்திலேயே நிற்பேன். அறுத்த இரும்பைக் கையோடு வாங்கிவந்து உன் கல்லறைமேல் வைப்பேன். பூ அதற்குப் பிறகுதான்.

கோபம் ஆறாத
உன் அம்மா, கிருபாவின் ஆயா