உப்புத் தண்ணீர் குடித்த தூண்கள்

என் அன்பு அப்பாவுக்கு,

அங்கே சிமெண்டு வேலை எதுவும் இருக்காது. உட்கார்ந்து இதைப் படிக்க உங்களுக்கு நேரம் இருக்கும். எனக்குச் சுற்றி வளைக்க வராது, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போன வாரம் ஊர்க்காரர்கள் முன்னால், நீங்கள் யாரென்றே தெரியாதவன்போலப் பேசிவிட்டேன்.

கோயிலுக்குப் பக்கத்தில் நீங்கள் கட்டின மண்டபத்தில் தூண்கள் வெடித்துவிட்டன. உள்ளே கம்பி துருவேறி, வீங்கி, காங்கிரீட்டைப் பிளந்து தள்ளுகிறது. சரிசெய்யும் வேலை எங்கள் கம்பெனிக்குத்தான் வந்தது. நீங்கள் கண்மூடின பிறகு நான் சேர்ந்த வேலை இது. தூத்துக்குடித் துறைமுகத்தில் கடலுக்குள் நிற்கும் தூண்களுக்குக் கார்பன் ஃபைபர் துணி சுற்றுகிறோம். துணியா என்று சிரிப்பீர்கள். பசையில் நனைத்துச் சுற்றி இறுகவிட்டால், பாரம் அழுத்தும்போது தூணைப் பிதுங்கவிடாமல் பிடித்துக்கொள்ளும். இரும்பைவிட வலு. துருவே பிடிக்காது.

சென்னையிலிருந்து மேனேஜர் வந்திருந்தார். ஊர்க்கமிட்டிக்காரர்களும் சில பெண்களும் கூடி நின்றார்கள். நான் ஒரு தூணைக் கம்பிவரை கொத்தி, உப்பைக் காட்டும் மருந்தைத் தெளித்தேன். உப்பு இருந்தால் வெளுக்கும். பால் ஊற்றியதுபோல் வெளுத்தது. கடற்காற்று இவ்வளவு ஆழம் போகாது, உப்பு கலவையிலேயே இருந்திருக்கிறது.

"யாருப்பா கான்ட்ராக்டர்?" என்றார் மேனேஜர்.

"யாரோ லோக்கல் ஆள் சார். எவனோ உப்புத்தண்ணில கலவை போட்டிருக்கான்."

எவனோ. என் வாயில் வந்ததுதான் அப்பா. ஆண்டவரைத் தெரியாதென்று சொன்ன சீடனுக்குக் கூவினதுபோல் எனக்குச் சேவல் எதுவும் கூவவில்லை. மீன் லாரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

நம் பக்கத்து வீட்டுப் பிலோமினா பெரியம்மா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு முன்னால் வந்தாள். "ஏலே அந்தோணி, எவனோவா? ஒங்கப்பன் பேரு மறந்துபோச்சா, இல்ல இன்சினியர் ஆனதும் வேற அப்பன் வாங்கிட்டியா?"

எல்லோரும் சிரித்தார்கள். மேனேஜர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"அந்தத் தண்ணி நாங்க ஊத்துனதுதாம்லே. தூண் போடுற அன்னைக்கு வீட்டுக்கு ஒரு கொடம்னு நேர்ச்ச. கடக்கரைக் கெணத்துல மொண்டு, ஜெபமால சொல்லிக்கிட்டே சொமந்துட்டு வந்தோம். ஒங்கப்பன் என் கொடத்துல விரல முக்கி நாக்குல வச்சுப் பாத்தான். கெணத்துப் பக்கம் ஒருதரம் திரும்பிப் பாத்தான். பொறவு, 'ஊத்துங்க மைனி'ன்னுட்டான்."

அப்படியென்றால் தண்ணீர் கரிப்பது உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. ஜெபம் சொல்லிக்கொண்டு வந்தவர்களிடம் "இது வேண்டாம்" என்று சொல்ல வாய் வரவில்லையா? சொல்லியிருந்தால் ஊர் கோபித்திருக்குமா? உங்கள்மேல் ஆத்திரமாக வந்தது. ஆனால் ஊரின் மனம் நோகக்கூடாதென்று நீங்கள் பேசாமல் இருந்தீர்கள். நான் யார் மனத்துக்காக உங்களை எவனோ ஆக்கினேன்? ஒரு மேனேஜர் என்னை மட்டமாக நினைத்துவிடக் கூடாது என்பதற்காக.

அவர் என்னைத் தனியே கூப்பிட்டார். "உங்க அப்பாவா? சரி, விடு. வெடிப்பைப் பூசிட்டு மேல துணியைச் சுத்திடு. திருவிழா வருது. உள்ள என்ன இருக்குன்னு யாருக்குத் தெரியப்போகுது?"

சுற்றியிருக்கலாம். மேலே வெள்ளையடித்துவிட்டால் உங்கள் பெயருக்கும் பங்கமில்லை. ஆனால் துணிக்குள்ளே கம்பி அரிபட்டுக்கொண்டே போகும், வெளியே ஒரு வெடிப்புகூடக் காட்டாது. ஒருநாள் யார் வீட்டுக் கல்யாணப் பந்தியிலோ கூரை விழும்போதுதான் தெரியும். இதெல்லாம் நான் படித்த பாடம். தெரிந்தும், சரி என்று தலையாட்டுவதுதான் மகன் செய்ய வேண்டியது என்று கொஞ்ச நேரம் தோன்றியது. அதை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

திரும்பி வந்து எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன். "உப்பேறின காங்கிரீட்ட முழுசா கொத்தி எடுக்கணும் சார். கம்பியச் சுத்தம் பண்ணி, புதுசா வார்த்து, அப்புறந்தான் துணி. இது எங்கப்பா கட்டின மண்டபம். தண்ணி கரிச்சது அவருக்குத் தெரியும்."

"அப்ப திருவிழா அசனச் சாப்பாட்ட எங்கனலே வைக்க?" என்றார் கமிட்டித் தலைவர்.

"பந்தல் போடுங்க மாமா."

அவர் இன்னும் என்னோடு முகம்கொடுத்துப் பேசவில்லை. அத்தனை பேர் முன்னால் சொன்னதால் மேனேஜர் ஒத்துக்கொண்டார். மண்டபக் கூரை இப்போது முட்டுக் கம்புகளின்மேல் நிற்கிறது. அடுத்த வாரம் தூண்களுக்குப் புதுக் கலவை. பெரியம்மா மறுபடி ஊரைத் திரட்டக் கிளம்பிவிட்டாள், இந்தத் தடவையும் வீட்டுக்கு ஒரு குடமாம். குழாயில் வரும் குடிதண்ணீர்தான் என்கிறாள். நான் உப்பு மீட்டரோடு வாசலில் நிற்பேன் என்றேன். "ஏம்லே, எங் கொடத்துக்குள்ள நீ என்னத்த முக்கப்போற?" என்று இப்போதே சண்டை.

முக்கிப் பார்ப்பேன் அப்பா. கரித்தால், அது பெரியம்மா குடமாகவே இருந்தாலும், "ஊத்தாதீங்க" என்று சொல்லுவேன். அவள் ஜெபம் முடியும்வரை மட்டும் காத்திருப்பேன். தூண் யார் கட்டினது என்று எவர் கேட்டாலும் உங்கள் பேரைச் சொல்லுவேன். தண்ணீர் கதையையும் சேர்த்தே சொல்லுவேன்.

இப்படிக்கு,
மண்டபம் கட்டினவரின் மகன்,
அந்தோணி