முப்பத்தொண்டுக்கு முதல் வந்த வெள்ளி

திங்கள். பிள்ளை பிறந்து 20ஆம் நாள்.
விட்டு விட்டு மழை. பிள்ளையின் துணி ஒன்றும் காயவில்லை. பின்னேரம் மெயில்: நானும் தர்சினியும் தொடங்கின இறால், நண்டு விற்கும் வெப்சைட்டைக் கொழும்பில் புதுத் தொழில்களுக்கு உதவும் திட்டமொன்றின் முதல் சுற்றில் தெரிவு செய்திருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை நேர்முகம். இரண்டு பேர் வரவேணும். தர்சினி போனில் அழுதாள். கம்பஸில் ஒரு நாளும் அழாதவள்.
அம்மாவிடம் சொன்னேன். 31ஆம் நாள் வரைக்கும் பிள்ளைப்பேற்றுத் துடக்கு, படலை தாண்டக்கூடாது. “பச்சை உடம்போட பஸ்ஸில போகப்போறாவாம் கா” என்று பக்கத்து வீட்டு மாமியிடம் சொல்லிச் சிரிக்கிறா. ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன்.
பிள்ளை ஒன்பது நாள் பிந்திப் பிறந்தவள். குறித்த நாளில் பிறந்திருந்தால் இந்த வெள்ளி 33. இதையே திருப்பித் திருப்பி எண்ணுறன்.

செவ்வாய், 21.
பேபி சவர்க்காரம். கிளினிக் கார்ட் தேட. 9ஆம் ஸ்லைட் திருத்த.
வீடியோவில் வரலாமா என்று கேட்டு எழுதினேன். நேரில்தானாம். தர்சினி சொல்லுறாள், எனக்குப் பதிலாக இவரைக் கூட்டிப் போறாளாம். வியாபாரப் பதிவில் இருப்பதும் இவர் பேர்தானே. நான் வாந்தியோடு கிடந்த நேரம் பிரதேச செயலகத்துக்குப் போனவர் இவர். மற்றப்படி பைக்கில் பார்சல் கொடுத்த ஆள்.
ஓம் என்றேன். வேறு என்ன சொல்ல.

புதன், 22.
இவருக்குப் பாடம். ஏன் அந்த நேரம் பார்த்துத் தொடங்கினீர்கள் என்று கட்டாயம் கேட்பார்கள். உண்மை: தர்சினிக்கு லீவு கிடைத்த கிழமை அது. அடுத்த கிழமை வெள்ளம், வாவியின் முகத்துவாரத்தை வெட்டிவிட்டார்கள், இறால் அள்ள அள்ள வந்தது. சனம் எங்களைக் கெட்டிக்காரர் என்றது. ஒரு மாதம் முந்தியிருந்தால் விற்க ஒரு கூனி இறாலும் இல்லை.
“லீவுக் கதை சொல்லாதீங்க. வாவியப் பார்த்துப் பார்த்துத்தான் தொடங்கினம் எண்டு சொல்லுங்க.”
மூன்று தரம் சொல்லிக் காட்டினார். நல்லாத்தான் வருகுது.
பால் கட்டி நெஞ்சு நோ.

வெள்ளி, 24.
11.10க்கு தர்சினியின் மெசேஜ், உள்ளே போகிறார்களாம். மறுகா, மத்தியானம் தாண்டியும், ஒன்றுமில்லை. பிள்ளை ஒரே அழுகை. காற்றுப் படும் என்று அம்மா அறை ஜன்னலையும் சாத்திவிட்டுப் போனா.

வியாழன், 30.
கிடைத்துவிட்டது. அந்த வாவிக் கதைதான் அவர்களுக்குப் பிடித்ததாம். ஆறு மாதம் கொழும்பில் நின்று வேலை. போன இரண்டு பேரும்.
நான்?
“நீ எப்பிடிப் புள்ளையோட? வீடு உன்ட பேரில, அம்மாவும் இஞ்சதான். எனக்கு ஒரு கவலையும் இல்ல.” சந்தோசத்தோடுதான் சொன்னார். சீதன வீடு. நான் விட்டுப் போக ஏலாத வீடு.
குசினியில் அம்மா பக்கத்து வீட்டு மாமிக்குச் சொல்லுறா: “புள்ள பிறந்த நேரம் கா. தகப்பனத் தூக்கி விட்டுட்டுது.”
சாப்பிடும்போது இவர் வெப்சைட்டின் பாஸ்வேர்ட் கேட்டார். நான் மட்டும் வைத்திருப்பது.
நாளைக்குத் தாறன் என்றேன். நாளைக்கு 31.